தாளின் நெடுக்கு

புத்தகம் திறந்து கிடக்க மாட்டேன் என்றது.

அவள் அதைச் சமையலறை மேசையில் வைத்து, நடுவில் பிரித்து, உள்ளங்கையால் இரண்டு பக்கமும் நீவிவிட்டுக் கையை எடுத்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே இருந்தது. பிறகு இடப்பக்கத்துத் தாள் ஒன்று மெல்ல எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று எழுந்தது. யாரோ அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டது போல எல்லாம் வரிசையாக எழுந்து வலப்பக்கம் போய் விழ, அட்டையும் பின்னாலேயே போய்ப் படக்கென்று மூடிக்கொண்டது.

உப்பு ஜாடியை ஒரு பக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். மறுபக்கம் எழுந்துகொண்டது. சீப்பை வைத்தாள். சீப்பைக் கவ்விக்கொண்டு மூடியது. முதுகு ஒடிகிற அளவுக்கு விரித்து அமுக்கிப் பார்க்கலாம் என்று நினைத்து, தன் பெயர் போட்ட புத்தகத்தின் முதுகை ஒடிக்க மனசு வராமல் விட்டுவிட்டாள்.

"எலிப்பொறி மாதிரில்ல இருக்கு," என்றார் கணவர். ஈரத் தலையைத் துவட்டியபடி வாசல் நிலையில் சாய்ந்து வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் புத்தகமும் மூடத்தான் செய்யும்க்கா," என்றான் தம்பி. "மூடலைன்னா அதுக்குப் பேரு நோட்டீஸு."

தம்பி பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி ஓட்டுகிறவன். அக்கா எழுதிய நாவலை அவளுக்கே சொல்லாமல் ஓர் அச்சகத்தில் கொடுத்து, மாதிரிக்கு ஒரே ஒரு பிரதி போட்டு, பார்சல் போலக் கட்டி, மணியடித்து, "கையெழுத்துப் போடுங்க மேடம்" என்று நீட்டியிருந்தான். பிரித்துப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அது காய்வதற்குள் புத்தகத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"கை சும்மா இருக்கறவங்களுக்குன்னா மூடட்டும்டா," என்றாள். "இது அவங்களுக்கு எழுதின கதை இல்ல."

அவள் சொன்னது புரிய வேண்டுமென்றால் அவள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. கீழே வரிசையாகச் சலவை இயந்திரங்கள். அவற்றுக்கு அப்பால் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. உருளைக்குள் நீராவி ஓடும். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் அது காய்ந்து, சுருக்கம் நீங்கி, விறைப்பாக, சூடாக, காகிதம் போல வெளியே வரும். அங்கே இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து, உதறி, மூலையோடு மூலை சேர்த்து, எதிரெதிரே நடந்து வந்து விரலோடு விரல் தொட்டுக் கொடுத்து வாங்குவார்கள். மறுபடி பின்னால் போவார்கள், மறுபடி வருவார்கள். பாதியாகி, காலாகி, விரிப்பு மூன்றாவது ஆளின் மேசைக்குப் போகும். அவள் அதை இன்னும் சிறிதாக மடித்து, மடிப்பு முனை வெளியே தெரியாமல் அடுக்குவாள். காலை முதல் சாயங்காலம் வரை வெண்மை நடந்து வரும், வெண்மை விலகிப் போகும். ஆவி கூரையைத் தொட்டு வழிந்துகொண்டிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் சில நாள் நடந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும்.

இரண்டு முனைகளில் ஒன்று இவளுடையது, மற்றது எதிர்முனைக்காரியுடையது. மடிப்பு அறையில் இவளுக்குக் 'கதைக்காரி' என்று பெயர். மூன்றாவது ஆள் மேசைக்காரி. அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. ஆனால் குரல் நல்ல குரல். இயந்திரச் சத்தத்துக்கு மேலே ஏறாமல், கீழே நுழைந்து வந்து காதைத் தொடும்.

கதைக்காரி முதலில் தாளில் எழுதிக் கொண்டுவந்தபோது படிக்க யாருக்குக் கை ஒழிந்திருந்தது? ரேடியோதான் வழி கண்டுபிடித்தாள். மேசைக்கு மேலே முகத்துக்கு நேராக ஒரு கம்பி ஓடியது. தாள்களைத் துணிக் கிளிப்பால் அதில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கை மடித்துக்கொண்டிருக்கும், வாய் படித்துக்கொண்டிருக்கும். ஒரு தாள் முடிந்ததும் மேசையோரமாக ஓர் அடி நகர்ந்து அடுத்த தாளுக்குப் போவாள். ஈரக்காற்றில் தாளின் இரண்டு ஓரமும் ஜன்னல் கதவைச் சாத்துகிற மாதிரி உள்ளே சுருளும். அதற்கும் கீழே ஓரத்துக்கொரு கிளிப் போட்டு இழுத்து வைப்பாள். அப்படி ஒரு நாவல் முழுக்கக் கொடியில் காய்ந்துதான் முதன்முதலாக மனிதர் காதுக்குப் போனது.

கதை ஒரு விரிப்பைப் பற்றியது. அது எவ்வளவு பெரியது என்றால், ஒரு முனையைப் பிடித்திருப்பவளுக்கு மறுமுனையில் இருப்பவள் யாரென்று தெரியாது. இழுப்பு மட்டும் தெரியும். அங்கே அவள் சிரித்தால் துணியில் ஒரு நடுக்கம் ஓடி வரும். அழுதால் கனம் கூடும். மடிக்க வேண்டுமென்றால் எதிரெதிரே நடக்க வேண்டும். இருவரும் நடக்கிறார்கள். விரிப்பின் நிழல் ஊர்மேல் விழுந்து, அங்கே எல்லோரும் சாயங்காலம் ஆகிவிட்டதென்று விளக்கேற்றுகிறார்கள். வழியில் ஒருத்திக்குப் பிள்ளை பிறக்கிறது. ஒருத்திக்குத் தலை நரைக்கிறது. நடுவில் ஒரு கிணற்றடியில் கதை கொஞ்ச காலம் தங்குகிறது. முனையை மட்டும் இருவரும் கீழே விடவில்லை.

"கடைசியில சந்திப்பாங்களா மாட்டாங்களா, அதை மட்டும் இப்பவே சொல்லிடு, எனக்கு ராத்திரி சோறு இறங்கல," என்று எதிர்முனைக்காரி ஒருநாள் கெஞ்சியிருக்கிறாள். கதைக்காரி சொல்லவில்லை.

அந்த நாவலைத்தான் ஒரு பழைய, பெயர் பெற்ற பதிப்பகத்துக்கும் அனுப்பியிருந்தாள். பதில் வராது என்று நினைத்ததால் அனுப்பத் துணிவு வந்தது. தம்பி மாதிரிப் பிரதியோடு வருவதற்கு முந்தின நாள் பதிப்பகத்தை நடத்துகிற அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்.

"படிச்சோம். எடுத்துக்கறோம்," என்றார். சுற்றி வளைக்காத பேச்சு. "ஆனா வரிசை இருக்கு. அடுத்த வருஷமோ அதுக்கு அடுத்த வருஷமோதான் வரும். அதுவரைக்கும் வேற எங்கயும் வரக் கூடாது, நீங்களா போடவும் கூடாது. இன்னொண்ணு. நடுவுல கிணத்தடிப் பகுதி தொய்யுது. அதுல கை வைக்கணும். இந்த வாரக் கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

தொய்யுது என்ற சொல் அவளுக்குக் குத்தியது. நடுவில் ஆள் பிடிக்காத விரிப்பு தரையைத் தொட்டால் அவர்கள் சொல்லும் சொல் அது.

ஆக, ஒரு கையில் பதிப்பகம், ஒரு கையில் தம்பி. ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். முன்பின் தெரியாத ஒருவர், முகதாட்சண்யம் பார்க்கத் தேவையில்லாத ஒருவர், இது புத்தகம்தான் என்று சொல்லிவிட்டார். அதை எப்படி வேண்டாமென்பது? இந்த மடிப்பு அறைக்காரர்கள் இதே மேசையில், இதே குரலில், தாளாக இல்லாமல் புத்தகமாக இதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்த வருஷம் யார் எந்த வேலையில் இருப்பார்களோ.

"மாமா, நீங்களே சொல்லுங்க," என்றான் தம்பி. "நான் நாள் முழுக்கப் புத்தகப் பார்சலாத்தான் தூக்கிட்டு அலையறேன். பாதிக்கு மேல எழுதினவங்களே போட்டுக்கிட்டது. எவனுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"மாப்ளே, கொம்பு முளைக்கல. அதான் பிரச்சினை," என்றார் கணவர். சலவைக்கூடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். வெந்நீரும் ஆவியும் அவர் கைவழியாகத்தான் மேலே போகும். எதையும் வால்வைத் திருகுவது போல நிதானமாகத்தான் பேசுவார். "தன் புத்தகத்தைத் தானே போட்டுக்கறது, தன் கழுத்துல தானே மாலை போட்டுக்கற மாதிரி. பாக்கறவன் சிரிப்பான்."

"அடுத்தவன் மாலையோட வருவான்னு கழுத்தை நீட்டிக்கிட்டே நின்னா கழுத்துதான் மாமா வலிக்கும்."

"வந்துட்டாங்கல்ல? மாலையோட வந்து வாசல்ல நிக்கறாங்க. இப்பப் போயி கதவைச் சாத்தச் சொல்றே."

"எங்க நிக்கறாங்க? ரெண்டு வருஷம் கழிச்சு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க! அதுவும் நடுவுல ஒரு முழம் வெட்டிட்டு!"

இருவர் சொன்னதும் அவளுக்குச் சரியாகவே பட்டது. ஒருவர் சொன்னதாவது தப்பாக இருந்திருந்தால் தூங்கப் போயிருப்பாள். புத்தகத்தை மறுபடி பிரித்து வைத்தாள். அது மறுபடி மூடிக்கொண்டது.

மறுநாள் அதை மடிப்பு அறைக்குக் கொண்டுபோனாள். ஆளாளுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார்கள். அட்டையில் இருந்த பெயரை எதிர்முனைக்காரி விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்தாள். ரேடியோ வாங்கி மேசையில் வைத்தாள், பிரித்தாள், கையை எடுத்தாள்.

"அய்யய்யோ, என்னடி இது, பொழுதுக்கும் வாயை மூடிக்கிட்டே இருக்கு? உன் புத்தகம்னா யாரு நம்புவா?"

"உன்கிட்டக் கொடுத்தா கத்துக்கும்," என்றாள் எதிர்முனைக்காரி.

கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு கிளிப், அந்தப் பக்கம் இரண்டு. நின்றது. ஆனால் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் நான்கையும் கழற்றி மாட்ட வேண்டும். அதற்குள் மேசையில் விரிப்பு குவிந்துவிடும். சாப்பாட்டு வேளைக்குள் ஆவி பட்டு, முதுகுப் பக்கமாகத் தாள்கள் எல்லாம் அலை அலையாக நெளிந்துவிட்டன.

"பாரு, இங்க வந்ததும் சுருட்டை முடி வெச்சுக்கிச்சு," என்றாள் ரேடியோ. சிரித்தாலும் அவளுக்கு ஏமாற்றம்தான். புத்தகமாகப் படிக்கப் போகிறோம் என்று தொண்டைக்கு வெந்நீர் எல்லாம் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் ஒரு கை நிறைய விரிப்புகளோடு உள்ளே வந்தார். மேசையில் தொப்பென்று போட்டார்.

"இதப் பாருங்கம்மா. விடுதிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. அழுக்கு இல்ல, கிழிசல் இல்ல, ஆனா ஒண்ணாவது நேரா மடிஞ்சிருக்கா? மூலை ஒரு பக்கம் போகுது, ஓரம் ஒரு பக்கம் போகுது. காத்துல மடிச்ச மாதிரி இருக்கு. இது ஏதோ ஒரு தடவை மட்டும் நடந்ததில்ல. நீங்க கொடியில பேப்பர் தொங்கவிட்டுப் படிக்க ஆரம்பிச்சதுலேருந்து நடக்குது."

ரேடியோ கம்பியிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"படிக்காதீங்கன்னு சொல்ல வரல," என்று அவரே இறங்கி வந்தார். "உருளைக்கு அந்தப் பக்கம் நின்னு நானும் கேட்டவன்தான். ஆனா ஒண்ணு புரியல. நடுவுல ஒரு வாரம் அனுப்பினது மட்டும் செங்கல் அடுக்கின மாதிரி அவ்வளவு நேரா இருந்துச்சு. அந்த விடுதியில கூப்பிட்டுப் பாராட்டினாங்க. அந்த வாரம் மட்டும் என்ன பண்ணீங்க? படிக்கலயா?"

"அந்த வாரமும் படிச்சோமே," என்றாள் ரேடியோ. "எந்த வாரம்? பெரிய ஆஸ்பத்திரி துணி வந்துச்சே, அந்த வாரமா? அப்ப… கிணத்தடி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கதைக்காரி மேசைமேல் கிடந்த கோணல் விரிப்புகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். விடுதியின் பெயர் ஓரத்தில் இருந்தது. இந்த விடுதித் துணி போன அன்று, நடக்கிறவளுக்கு வழியில் பிள்ளை பிறந்த பகுதி படித்தார்கள். அவளுக்கு நினைவிருந்தது, எதிர்முனைக்காரி அன்று மூலையைப் பிடித்தபடி நடக்க மறந்து நின்றுவிட்டாள். நல்ல இடம் வந்தால் கை கதைக்குள் போய்விடும், மடிப்பு கோணும். கதை தொய்ந்தால் கை தன் வேலைக்குத் திரும்பிவிடும், மடிப்பு நேராகும். கிணத்தடி முழுக்க விரிப்புகள் செங்கல் போல நேராக இருந்திருக்கின்றன.

"ஏண்டி ஒருத்தியும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது?" என்றாள் எதிர்முனைக்காரி. "எழுதினவ எதிர்லயே நிக்கறே. நல்லாத்தான் இருந்துச்சு. என்ன… அந்த வாரம் நான் வீட்டுக் கணக்கெல்லாம் மனசுக்குள்ள போட்டு முடிச்சேன்."

"நான் பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை பாத்தேன்," என்றாள் ரேடியோ. "படிச்சுக்கிட்டே."

சாப்பாட்டு வேளையில் அவள் பாய்லர் அறைக்குப் போனாள். அங்கே ஆவிக் குழாய் வளைகிற இடத்தில் ஒரு தகரத் தட்டு உண்டு. எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவும் அதன்மேல் சூடாகும். கணவர் நான்கு முட்டையையும் சில உருளைக்கிழங்கையும் துணியில் முடிந்து, ஆவி கசியும் வால்வின் வாயில் தொங்கவிட்டிருந்தார். அவித்து முடித்து, தோலுரித்து, உப்பும் மிளகும் தூவி அவள் பக்கம் தள்ளினார். பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் தொங்கிய குச்சித் திரை வழியாக வெயில் கோடு கோடாக விழுந்து ஆவிக்குள் நின்றது.

"அந்தம்மா சொன்னது சரி," என்றாள் அவள். "கிணத்தடி தொய்யுது." கோணல் மடிப்பின் கதையைச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "பாத்தியா, வெளியாளு கண்ணு வேணும்னு அதுக்குத்தான் சொன்னேன்."

"ஆமா. ஆனா நீங்க இன்னொண்ணும் சொன்னீங்க. நம்ம கழுத்துல நாமளே மாலை போட்டுக்கக் கூடாது, இது புத்தகம்தான்னு வேற யாராவது சொல்லணும்னு."

"சொல்லணும்தான்."

"திருப்பி அனுப்பியிருக்காங்களே, அத்தனை பெட்ஷீட்டும் என்னங்க சொல்லுது? என் எதிர்ல புகழ்ந்தா பொய்யா இருக்கலாம். கை கோணினது பொய்யா இருக்குமா? மாலை எப்பவோ கழுத்துல விழுந்துடுச்சு. நமக்குத்தான் தெரியல. சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கினது அதுக்குத்தான்."

அவர் கிழங்கை வாயில் வைத்தபடி நிறுத்தினார். அவர் கை அவள் பக்கத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்தது.

"இதென்ன, முதுகுப் பக்கம் மட்டும் நெளிஞ்சிருக்கு?"

"ஆவி பட்டுடுச்சு."

"ஆவி பட்டா எல்லாப் பக்கமும்ல நெளியணும்?" கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். மூடினார், திறந்தார். காதருகே வைத்துப் புரட்டிப் பார்த்தார். "கடைசில ஒண்ணும் எழுதாத பக்கம் இருக்கே, கிழிக்கலாமா?"

"கிழிங்க."

முதுகை ஒட்டி நேராகக் கிழித்தார். வால்விலிருந்து வரும் ஆவியின்மேல் அந்தத் தாளைப் படுக்க வைத்தாற்போலப் பிடித்தார். தாள் ஒரு கணம் தயங்கியது. பிறகு மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றையொன்று நோக்கி எழுந்து, முழுத்தாளும் ஒரு குழாயாகச் சுருண்டது.

"உன் பழைய தாள் ஏதாவது இருக்கா?"

பையில் கிணத்தடியின் கடைசித் தாள் இருந்தது. கொடுத்தாள். அதையும் ஆவியில் காட்டினார். அதுவும் சுருண்டது. ஆனால் இடது ஓரமும் வலது ஓரமும் சேர்ந்து, செங்குத்தாக நிற்கிற குழாயாக. கம்பியில் ஜன்னல் கதவு போலச் சாத்திக்கொண்டதே, அதே மாதிரி.

இரண்டு குழாயையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவர் பார்த்த பார்வையில், பதிப்பகமும் மாலையும் எங்கோ போய்விட்டன.

"இந்தா பாரு. தாளுன்னா என்ன? நாரு. தண்ணியில கரைச்ச நாரு. அதை ஓடற சல்லடையில ஊத்தி இழுக்கறாங்க. ஆத்துல வைக்கோல் போகுமே, எப்படிப் போகும்? குறுக்கயா போகும்? தண்ணி போற பக்கமா நெடுக்கத் திரும்பிக்கிட்டுப் போகும். நாரும் அப்படித்தான். எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக்கும். அதனால ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நெடுக்கு உண்டு. நாரு ஈரம் குடிச்சா நீளாது, பருக்கும். அதனாலதான் தாள் எப்பவும் ஒரே பக்கமாச் சுருளுது. குழாய் எந்தப் பக்கமா நீளுதோ, அதான் நெடுக்கு."

"சரி."

"அந்த ஜன்னல் திரையைப் பாரு. குச்சியெல்லாம் படுத்திருக்கு. கீழேருந்து சுருட்டினா சுருளும். பக்கவாட்டுல சுருட்டு பாப்போம்! ஒவ்வொரு குச்சியும் உன்கூடச் சண்டை போடும். விட்டா நிமிந்துக்கும். உன் புத்தகத்துல நாரெல்லாம் முதுகுலேருந்து ஓரத்துக்குப் படுத்திருக்கு, குறுக்க. நீ பக்கத்தைத் திருப்பறப்போ ஒவ்வொரு குச்சியையும் வளைக்கறே. கையை எடுத்தா நிமிராம என்ன பண்ணும்? ஈரம் பட்டா மேலயும் கீழயும் பருக்கப் பாக்குது. முதுகுல பசை பிடிச்சிருக்கு, பருக்க முடியல. அதான் அங்க மட்டும் நெளியுது. ரெண்டும் ஒரே வியாதி!"

அவருக்கு முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமும். அவள் தோலுரித்த முட்டையைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தாள். எத்தனை நாள் இந்த ஆளோடு கதையைப் பற்றிப் பேச ஆசைப்பட்டிருப்பாள்! கதை எட்டாத இடத்துக்குத் தாள் எட்டியிருந்தது.

சாயங்காலம், அழுக்குத்துணி வண்டிகள் நிற்கிற முற்றத்தில் ஒதுங்கி நின்று பதிப்பக அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கிணத்தடி பத்தி நீங்க சொன்னது சரிங்க," என்றாள் முதலில். "எனக்கு இன்னொண்ணு கேக்கணும். நீங்க போட்டா, புத்தகம் மேசையில தானா திறந்து கிடக்குமா?"

"புரியலயே."

சொன்னாள். உருளை, ரேடியோ, கை, தாளின் நெடுக்கு, எல்லாம். அந்த அம்மா கடைசிவரை கேட்டார்.

"இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. பொய் சொல்ல மாட்டேன். எங்க புத்தகமெல்லாம் ஒரே அளவு, ஒரே தாள், ஒரே கட்டு. அச்சகம் எப்படி வெட்டுதோ அப்படித்தான். உங்க ஒண்ணுக்காக மாத்தச் சொல்ல என்னால முடியாது."

"அப்ப நானே போட்டுக்கறேங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. விரிப்பின் மறுமுனையை யாரோ விட்டுவிட்டது போலக் கையில் திடீரென்று கனம் போனது.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கடைக்குப் போகாது. பேப்பர்ல ஒரு வரி வராது. நீங்களேதான் தூக்கிட்டு அலையணும்."

"தெரியுங்க. தம்பி வண்டி வெச்சிருக்கான்."

"எனக்கு வருத்தம்தான்."

"எனக்கும் இப்பவே வருத்தமாத்தாங்க இருக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "கிணத்தடியை என்ன பண்ணப் போறீங்க?"

"எடுத்துடறேங்க."

"எடுக்காதீங்க. சுருக்குங்க. அந்த வாளி விழற சத்தத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாக்கறாங்களே, அது மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் அதுக்குக் காவல் நிக்குது, அவ்வளவுதான்." என்றார். "வந்ததும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. சாப்பிடறப்போ படிக்கற கெட்ட பழக்கம் எனக்கு. தட்டால அமுக்கி அமுக்கி எல்லாப் புத்தகத்துலயும் கறை."

விடுமுறை நாளில் மூவரும் அச்சகத்துக்குப் போனார்கள். மையும் பசையும் கலந்த வாசனை. கணவர் வாசலிலேயே வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டார்.

"மாமா, நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றான் தம்பி.

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன் மாப்ளே. அதுக்காகத் தப்பாவா போடறது?"

அச்சகக்காரர் ஒளிக்கவில்லை. கணவர் தாளின் நெடுக்கைப் பற்றிக் கேட்டதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். "தெரியும் சார். இந்த அளவுப் புத்தகத்துக்கு இப்படி வெட்டினா ஒரு துண்டுகூட வீணாகாது. திருப்பி வெட்டினா ஓரத்துல இவ்வளவு பட்டை கழியும். யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்களும் திருப்பறதில்ல."

"பட்டை கழியாம இருக்கணும்னா?"

"புத்தகத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, உயரத்தைக் குறைச்சுக்கலாம். பாக்க ஒரு மாதிரி கட்டையா இருக்கும். இன்னொண்ணு, பசை மட்டும் போட்டா நெடுக்கு சரியா இருந்தாலும் முழுசாப் படுக்காது. நூல்ல தைக்கணும். தைச்சா கொஞ்சம் நாளாகும்."

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் மனசுக்குள் கட்டை குட்டையான ஒரு புத்தகத்தைப் பார்த்தாள். நன்றாக மடித்த விரிப்பின் அளவில், வடிவில் இருந்தது.

"தைங்க," என்றாள். "அதுக்குள்ள நான் கிணத்தடியைச் சுருக்கிடறேன்."

புத்தகம் வந்த அன்று சலவைக்கூடத்தில் ஈரம் அதிகம், வெளியே மழை. உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டிருந்தது. கதைக்காரி தன் மூலைகளைப் பிடித்துப் பின்னால் நடந்தாள். ரேடியோ புத்தகத்தை மேசையில் வைத்து, வாளி விழுகிற பக்கத்தில் பிரித்து, ஒருமுறை நீவினாள். பிறகு சுடுபாத்திரத்தை விடுவது போல இரண்டு கையையும் உயரத் தூக்கினாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஆவி மேசைமேல் தவழ்ந்து போனது. தாள்கள் அசையவில்லை. இரண்டு பக்கமும், உதறித் தரையில் விரித்த துணிபோலப் படுத்துக் கிடந்தன.

ரேடியோ ஒரு விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். வாளி கிணற்றில் விழுந்தது. எதிர்முனைக்காரி நடக்க மறந்து நின்றாள். மூலையோடு மூலை சேரவில்லை. உருளைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாய்லர் அறையிலிருந்து கணவர் படியேறி வந்து மேசையைத் தட்டிப் பார்த்தார். புத்தகம் மூடவில்லை. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நார் முதுகோடு நெடுக்கப் போகிற மாதிரி தாளைத் திருப்பி வெட்டி, நூலால் தைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.